எந்த ஓட்டை வழியாக வருகிறது சூடு?

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் பழைய டிப்பர் ஒன்றில் ஏறிப் பாருங்கள். டிரைவர் சீட்டுக்கும் கிளீனர் சீட்டுக்கும் நடுவே எஞ்சினை மூடியபடி ஒரு தகரத் திமில் எழும்பியிருக்கும். ஓட்டுகிறவர்கள் அதைப் பானட் என்பார்கள். அதன்மேல் ஒரு கோணிச்சாக்கு விரித்திருக்கும். சில வண்டிகளில் மடித்த ஜமுக்காளம், சிலவற்றில் பழைய மெத்தைத் துண்டு. சாக்கைக் காலையில் நனைத்துப் போடுவார்கள். பத்து மணிக்குள் அது அப்பளமாகக் காய்ந்துவிடும். மறுபடி நனைப்பார்கள். சித்திரை, வைகாசியில் ஒரு நாளைக்கு எத்தனை முறை நனைக்கிறார்கள் என்பதை வைத்தே அந்த வண்டியின் நிலையைச் சொல்லிவிடலாம்.

ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்டால் இரண்டு பதில்தான் கிடைக்கும். “எஞ்சின் பக்கத்துலயே இருக்குல்ல, சுடத்தான் செய்யும்” என்பது ஒன்று. “வண்டி பழசாயிடுச்சு சார்” என்பது இன்னொன்று. வண்டி புதிதாக வந்தபோதும் எஞ்சின் அதே இடத்தில்தான் இருந்தது. வயதாகிவிட்டதால் எஞ்சின் இரும்பு தானாகக் கூடுதல் சூட்டைக் கக்குவதும் இல்லை. வயதாவது ரப்பருக்கு. ஃபெல்ட் மக்குகிறது, கேபிள் தளர்கிறது, தகரத்தில் போட்ட ஓட்டையை அடைத்திருந்த வளையம் பொடிப்பொடியாக உதிர்கிறது. இடையில் நாலு பட்டறைகள் வண்டியைத் தொட்டிருக்கும். கழற்றியதில் சிலது திரும்ப மாட்டப்பட்டிருக்காது. ஆகவே பழைய வண்டியின் சூடு என்பது பெரும்பாலும் ஒரு வழி திறந்துகொண்ட கதை. வழியைக் கண்டுபிடிக்காமல் ஏசிக்கும் தரைவிரிப்புக்கும் செலவழிப்பது, கூரை ஒழுகும்போது தரையில் பாத்திரம் வைத்துக்கொண்டே இருப்பதைப் போன்றது.

உலகம் முழுக்கப் பழைய கார் வைத்திருப்பவர்கள் முட்டிக்கொள்ளும் சிக்கல் இது. அதிலும் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு இரட்டிப்பு. அந்தக் கார்களில் ஆள் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார்; கியர்பாக்ஸ் தொடையை ஒட்டி ஓடும்; சைலன்ஸர் குழாய் பாதத்துக்கு நாலு விரல்கடை கீழே போகும். 1955இல் இங்கிலாந்தில் வந்த எம்ஜிஏ என்ற இரண்டு சீட் கார் அழகுக்குப் பேர் வாங்கியது போலவே காலைச் சுடுவதற்கும் பேர் வாங்கியது. அதில் இருந்த 1,489 சிசி எஞ்சின் நமக்கு அந்நியமானதல்ல. பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ் வகை அது. அதே குடும்பத்து, அதே அளவு எஞ்சின்தான் நம் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடியது. 1984இல் காண்டஸா வந்தபோது முதலில் அதற்குள் உட்கார்ந்ததும் இதே 1,489 சிசிதான், 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் பிறகு வந்தது. பெரம்பலூரில் என் வயதுக்காரர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் என்றால் நீண்ட மூக்கோடு வரும் காண்டஸாதான், வேறு எதைப் பார்த்தோம்.

இன்னொரு சொந்தம் சென்னையில் இருந்தது. ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961இலிருந்து அங்கே தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரயம்ஃப் ஹெரால்டின் நேர் வாரிசு. அந்த ஹெரால்டின் சட்டகத்தைச் சற்றுக் குறுக்கித்தான் ட்ரயம்ஃப் நிறுவனம் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கட்டியது. இரண்டிலும் கியர்பாக்ஸின் மேல்மூடி வண்டிக்குள்ளிருந்தே கழற்றக்கூடியது. அது தகரம்கூட இல்லை, அழுத்திச் செய்த நார் அட்டை. கிளட்ச் வேலைக்கு ஒவ்வொரு முறையும் அதைக் கழற்றி மாட்ட வேண்டும். இரண்டு முறை கழற்றினால் ஓரம் நைந்துவிடும், திருகு பிடிக்காது, சுற்றியிருக்கும் பஞ்சுப்பட்டி கிழியும். பிறகு எஞ்சின் அறையின் காற்று முழுக்க முழங்காலைத் தேடி வரும். ஹெரால்டு வைத்திருந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் குளிருக்கு இதமாக இருந்தது என்பார்கள்.

மாருதி ஆம்னியில் வழி தேடும் வேலையே இல்லை. 796 சிசி எஞ்சின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. சீட்டைத் தூக்கினால் எஞ்சின். அந்தச் சீட்டுப் பெட்டியின் ஓரத்து ரப்பர் நன்றாக இருக்கிறவரை வெதுவெதுப்பு. போய்விட்டால் அடுப்பில் உட்கார்ந்த கதை.

மூன்று வழி, ஒரு குழாய், ஒரு சூரியன்

பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். சூடு மூன்று விதமாகப் பயணம் செய்யும்: தொட்டுக்கொண்டிருக்கும் பொருள் வழியாக, காற்றின் வழியாக, கதிராக. வண்டியில் இவற்றோடு வெந்நீர்க் குழாய் ஒன்றும் சேரும். மேலே சூரியன்.

இதில் எல்லாரும் சந்தேகப்படுவது தகரத்தை. எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே இருக்கும் தடுப்புத் தகரத்தைப் பட்டறையில் பயர்வால் என்பார்கள். கை வைத்தால் சுடுகிறது, ஆகவே அதன்மேல் கனமாக எதையாவது ஒட்டு என்பதுதான் வழக்கமான வைத்தியம். நான் பார்த்தவரை, திடீரென்று சூடு கூடிவிட்டது என்று வரும் வண்டிகளில் தகரம் குற்றவாளியாக இருப்பது அபூர்வம். தகரம் அன்றும் அதே தகரம்தானே. மாறியது காற்று வரும் பாதை.

காற்று நுழைய எத்தனை இடம் என்று எண்ணத் தொடங்கினால் மலைத்துப் போவீர்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஸ்டியரிங் தண்டு, ஒயர் கட்டு, பானட் திறக்கும் கம்பி, ஹேண்ட் பிரேக், கியர் லீவரின் தோல் பை. இவ்வளவும் கம்பெனி போட்ட ஓட்டைகள். அதற்குமேல் நாம் போட்டவை: ஏர் ஹார்னுக்கு ஒன்று, பாட்டுப்பெட்டிக்கு ஒன்று, பிற்பாடு வைத்த ஏசியின் குழாய்களுக்குப் பெரிதாக இரண்டு. ஒவ்வொன்றிலும் கிரம்மெட் என்ற ரப்பர் வளையம் இருக்க வேண்டும். ஓடும்போது ரேடியேட்டரைத் தாண்டி வந்த காற்று எஞ்சின் அறைக்குள் அழுத்தமாக நிற்கும். ஓட்டை எங்கே என்று பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஓட்டைகளைவிட அதிகம் ஏமாற்றுவது, காரில் எஞ்சின் அறையின் மூடியான பானட்டின் பின்விளிம்பில், முன்கண்ணாடிக்குக் கீழே ஓடும் ரப்பர் பீடிங். பல கார்களில் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் சல்லடை அந்தக் கண்ணாடியின் அடியில்தான் இருக்கும், வண்டி ஓடும்போது அங்கே காற்றழுத்தம் அதிகம் என்பதால். எஞ்சின் அறையின் சூடும் அந்தச் சல்லடையும் கலந்துவிடாமல் காப்பது இந்த ஒரு பீடிங். அது போய்விட்டால் புளோயரைப் போட்டவுடன் எஞ்சின் சூட்டைத்தான் முகத்தில் வாங்குவோம். சில இளைஞர்கள் பானட் கீலுக்கு அடியில் இரண்டு வாஷர் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். எஞ்சின் சூடு வெளியே போகுமாம். சிக்னலில் நிற்கும்போது போகத்தான் செய்கிறது, நேராகச் சல்லடைக்குள்.

கதிராக வரும் சூடு வேறு ரகம். அதற்கு ஓட்டை தேவையில்லை. சைலன்ஸர் தொடங்கும் இடத்தில் இருக்கும் மேனிபோல்டு, வண்டி மேட்டில் முக்கி ஏறும்போது பல நூறு டிகிரிக்குப் போகும். கதிர்ச்சூடு வெப்பநிலையோடு நேராகக் கூடுவதில்லை, தாவித் தாவிக் கூடும். 100 டிகிரியில் இருக்கும் ஓர் இரும்பு வீசும் கதிரைப் போல, அதே இரும்பு 500 டிகிரியில் ஏறத்தாழ 18 மடங்கு வீசும். இதைத் தடுக்கத்தான் சைலன்ஸருக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். தகட்டுக்கும் தரைக்கும் இடையே விரல் கனம் காற்று இருக்கும். அந்த இடைவெளிதான் வேலை செய்கிறது. சைலன்ஸர் வெல்டிங்குக்குப் போகும்போது இந்தத் தகடு “கடகடன்னு சத்தம் போடுது” என்று கழற்றி எறியப்படும். ஒரு மாதம் கழித்து இடது பாதம் சுடுகிறது என்று வண்டிக்காரரே வந்து நிற்பார். இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்க மாட்டார்.

சுடுவது எந்தப் பக்கம் என்பதே ஒரு துப்பு. அம்பாசடரின் பெட்ரோல் எஞ்சினில் மேனிபோல்டு இடது பக்கம். ஆகவே அந்தக் கார்களில் ஓட்டுகிறவரைவிட முன்னால் இடதுபுறம் உட்கார்ந்தவர்தான் முதலில் முணுமுணுப்பார். ஓட்டுநரின் வலது கால் சுட்டால் அங்கே வேறு கதை, ஸ்டியரிங் தண்டின் ஓட்டையைப் பாருங்கள். ஸ்டியரிங்கிலேயே கியர் இருந்த பழைய அம்பாசடரில் தரையில் கியர் ஓட்டை கிடையாது. தரையில் கியர் வந்த வண்டியில் அந்தத் தோல் பையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

அடுத்தது வெந்நீர்க் குழாய். குளிர்நாட்டுக்காகச் செய்த ஹீட்டர் நம்மூரில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. டேஷ்போர்டுக்குள் சின்ன ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது, அதில் எஞ்சினின் 80, 90 டிகிரித் தண்ணீர் ஓடும். ஒரு திருகுக்குழாய் அதை மூடி வைத்திருக்க வேண்டும். மூடுகிற கேபிள் வருடக்கணக்கில் அசையாமல் கிடந்து இறுகியிருக்கும். இல்லை, யாரோ ஸ்டீரியோ மாட்டும்போது நெம்பி விட்டிருப்பார்கள். குழாய் கால்வாசி திறந்திருந்தாலே போதும், ஏசியும் ஹீட்டரும் உள்ளே மல்லுக்கு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க இரண்டு நிமிடம். பயர்வாலுக்குள் நுழையும் இரண்டு ஹோஸையும், எஞ்சின் சூடானபின் அணைத்துவிட்டு, துணி வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஹீட்டர் மூடியிருக்கும் நிலையில் இரண்டும் ஒரே சூட்டில் இருந்தால் தண்ணீர் உள்ளே சுற்றுகிறது. சில கார்களில் குழாயே கிடையாது. தண்ணீர் எப்போதும் ஓடும், ஒரு கதவுப் பலகைதான் காற்றைத் திருப்பும். அந்தப் பலகையின் பஞ்சு உதிர்ந்தால் கறுப்புத் துகள்கள் ஏசி வாய் வழியே மடியில் விழும். துகள் விழுந்தால் காரணம் கிடைத்துவிட்டது. குழாய் உள்ள வண்டியில் இரண்டு ஹோஸையும் ஒரு துண்டுக் குழாயால் நேராக இணைத்து ஹீட்டரையே ஒதுக்கிவிட்டால், பெரம்பலூர் மாவட்டத்தில் யாரும் அதைத் தேடப்போவதில்லை.

காலை ஐந்து மணி ஓட்டம்

சூரியனைக் கணக்கிலிருந்து கழிக்காமல் எந்தச் சோதனையும் உருப்படாது. உச்சி வெயிலில் கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய 1,000 வாட் விழுகிறது. கூரை, கண்ணாடி எல்லாம் சேர்ந்து பெறுவதை எண்ணினால் எஞ்சினை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. ஆகவே விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுங்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர்வரை போய் வந்தால் போதும். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்துவிடும். அப்போதும் உள்ளே புழுங்கினால் அது எஞ்சின் பக்கத்துச் சூடு. புழுங்கவில்லை என்றால் உங்கள் சிக்கல் கூரையும் கண்ணாடியும். பானட்டைத் திறக்கும் வேலை மிச்சம். கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும். மேல்கூரையின் உட்புறம் ஒட்டுவதற்கு அந்தத் தடையில்லை.

அந்த ஓட்டத்தில் கவனிக்க வேண்டியது சூடு எவ்வளவு என்பதைவிட, எப்போது வருகிறது என்பது. வேகம் பிடித்தால் வந்து, நின்றால் குறைகிறதா? காற்று நுழைகிறது. ஓடும்போது சும்மா இருந்து, டீக்கடையில் நிறுத்திய ஐந்தாறு நிமிடத்தில் தரையும் திமிலும் கொதிக்கின்றனவா? அது கதிரும் தகரமும். புளோயரைப் போட்டால் மட்டும் வருகிறதா? பானட் பீடிங் அல்லது ஹீட்டர். மேடு ஏறும்போது, லோடு இழுக்கும்போது மட்டும் கூடுகிறதா? சைலன்ஸர் பக்கம் போங்கள். அப்படியே டைமிங்கையும் பார்த்துவிடுங்கள். தீப்பொறி தாமதமாக விழுந்தால் எரிதல் சிலிண்டருக்குள் முடியாமல் மேனிபோல்டுவரை நீளும், சைலன்ஸர் அளவுக்கு மீறிக் காயும். பெட்ரோல் குறைவாகக் கலந்து ஓடினாலும் அதே விளைவு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள கார் மிஸ்ஃபயர் அடித்துக்கொண்டே ஓடினால், எரியாத பெட்ரோல் அந்தக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும். அதற்கு மேலேயிருக்கும் தரைவிரிப்பு கருகுவதுகூட உண்டு.

காற்று என்று தெரிந்தால் ஓட்டையைப் பிடிக்க இரண்டு எளிய வழிகள். இரவில் எஞ்சின் அறைக்குள் வெளிச்சமான டார்ச்சை வைத்து, பானட்டை மூடி, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எங்கே எட்டிப்பார்க்கிறதோ அங்கேதான் காற்றும் வரும். இன்னொன்று ஊதுபத்தி. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்று எடுக்கும் நிலையில் புளோயரை முழு வேகத்தில் போட்டால் உள்ளே காற்றழுத்தம் ஏறும். ஊதுபத்தியைப் பெடல், கியர் பை, கதவோரம் என்று கொண்டுபோங்கள். புகை எங்கே வெளியே இழுபடுகிறதோ அது ஓட்டை. வீட்டில் பூஜை நடக்கிறதா என்று கேட்பார்கள், கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஐஆர் கன் என்ற துப்பாக்கி வெப்பமானி இப்போது மலிவு. கொரோனா காலத்தில் நெற்றியில் வைத்துப் பார்த்தது இதற்கு ஆகாது, அது உடல் சூட்டுக்கு மட்டும். பட்டறை வகையை வாங்கினாலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: பளபளக்கும் அலுமினியத்தையோ குரோமையோ குறி வைத்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். பளபளப்பு கதிரை விடாது. அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பைக் குறி வையுங்கள். இது தெரியாமல் “மேனிபோல்டு தகடு 60 டிகிரிதான் இருக்கு” என்று அடித்துச் சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். விரலை வைத்துப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்.

எங்கள் வீட்டு அம்பாசடர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா வாங்கிய மார்க் 4. ஏசி பிற்பாடு வைத்தது. அம்மா எப்போதும் முன்னால் இடதுபுறம்தான் உட்காருவார். “காலுகிட்ட யாரோ ஊதுற மாதிரி இருக்குடா” என்று இரண்டு கோடையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேஸ் அடித்தேன். ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரி தீரும் பொருளல்ல, குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்; அன்று அது எனக்குத் தெரியாது, அடித்துக்கொடுத்தவரும் சொல்லவில்லை. பிறகு தரை முழுக்க ஃபெல்ட், அதன்மேல் ரெக்ஸின். பிறகு ரேடியேட்டர் வேலை. யாரோ ஒருவர் பேச்சைக் கேட்டு தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தேன். எஞ்சின் காலையில் சூடேற நேரமெடுத்துப் பெட்ரோல் குடித்ததுதான் மிச்சம். கடைசியில் கையுறைப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், ஏசிக் குழாய்க்குப் போட்ட ஓட்டையைச் சுற்றி அரை வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. கிரம்மெட் மாட்டவே இல்லை. மேனிபோல்டுக்கு நேர் பின்னால். அம்மா சொன்னது அட்சரம் பிசகாமல் சரி: யாரோ ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள். நோயாளி சொல்வதைக் கேட்காத வைத்தியனாக இரண்டு வருடம் இருந்திருக்கிறேன்.

சுண்ணாம்பு நாட்டின் தண்ணீர்

எல்லா ஊருக்கும் பொதுவான இந்தக் காரணங்களைத் தாண்டி, அரியலூர், பெரம்பலூர் என்ற நம் இரண்டு மாவட்டங்களுக்கே உரிய ஒன்று இருக்கிறது.

அரியலூர் மண்ணுக்கடியில் கிடப்பது பழங்காலக் கடல். கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் படுகைதான் இத்தனை சிமென்ட் ஆலைகளை இங்கே கூட்டியது. அரசின் டான்செம் ஆலை 1979இல் தொடங்கியது; ராம்கோ, அல்ட்ராடெக், டால்மியா, தளவாயில் இந்தியா சிமென்ட்ஸ் என்று வரிசையாக வந்தன. அந்தச் சுண்ணாம்பு போர்த் தண்ணீரிலும் இருக்கிறது. வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, ஹீட்டர் கம்பியில் ஓடு கட்டுகிறதே, அதேதான். ரேடியேட்டரில் போர்த் தண்ணீர் ஊற்றினால் எஞ்சினுக்குள்ளும் அதே ஓடு கட்டும்.

இதில் ஒரு விபரீதம் உண்டு. சர்க்கரை சூட்டில் நன்றாகக் கரையும். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு இதற்கு நேர்மாறு. சூடேற ஏறப் படிந்து நிற்கும். ஆகவே எஞ்சினுக்குள் எந்த இடம் மிகச் சூடோ, எங்கே குளிர்ச்சி அவசரமாகத் தேவையோ, சரியாக அந்த இடத்தைத் தேடிப் போய் உட்காரும். சிலிண்டர் ஹெட்டில், எரிந்த புகை வெளியேறும் வாயைச் சுற்றி. ஓடு இரும்பைப் போலச் சூட்டைக் கடத்தாது. எஞ்சின் உள்ளே வேகும். டேஷ்போர்டு முள் நடுவிலேயே நிற்கவும் கூடும், ஏனென்றால் அது அளப்பது தண்ணீரின் சூட்டை. வெந்த ஹெட்டின் சூடு திமில் வழியாக டிரைவரின் தொடைக்கு வரும். நனைத்த சாக்கு இன்னும் சீக்கிரம் காயும்.

மருந்து சாதாரணமானது. கூலண்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்ற வேண்டும். பேட்டரிக்கு வாங்கி ஊற்றுகிறோம், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள எஞ்சினுக்குப் பம்புசெட்டுத் தண்ணீர் போதும் என்று நினைக்கிறோம். வழியில் வேறு கதி இல்லாமல் ஊற்றியிருந்தால் ஊருக்கு வந்ததும் வடித்து மாற்றிவிடலாம். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் ஒவ்வொரு கோடையிலும் யாரோ திறக்கிறார்கள்.

வெளிப்புறமும் இதேதான். சிமென்ட் ஏற்றும் லாரியின் ரேடியேட்டர் சீப்புகளில் தூசு அடைந்திருக்கும்; மழைத்துளி பட்டால் அங்கேயே கெட்டிப்படும். பெரம்பலூர்ப் பக்கம் வேறு ரகம். மக்காச்சோளத்தைச் சாலையில் காயவைக்கும் பருவத்தில் அதன்மேல் ஓட்டிவந்த காரின் ஏசி கண்டன்ஸரைப் பாருங்கள், சோளச் சருகும் பஞ்சும் கம்பளி போலப் பின்னியிருக்கும். பின்னால் இருக்கும் ரேடியேட்டருக்குக் காற்றே போகாது. எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தம் குறைவாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் முன்னாலிருந்து பீய்ச்சினால் அழுக்கு இன்னும் உள்ளே போகும், சீப்புகளும் மடியும்.

சூட்டைவிடக் கெட்டது

ஓட்டை வழியாகக் காற்று வருகிறது என்றால் சூடு மட்டும்தான் வருகிறதா என்று யோசிக்க வேண்டும். மேனிபோல்டு கேஸ்கட் ஊதியிருந்தாலோ சைலன்ஸர் துளைத்திருந்தாலோ அதே ஓட்டை வழியாகக் கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. வண்டி ஓடும்போது பின்புறம் காற்றழுத்தம் குறைவதால், டிக்கி பீடிங் போன வண்டி சொந்தப் புகையையே உள்ளே உறிஞ்சும். ஆம்னி, ஜீப் போன்ற பெட்டி வண்டிகளில் இது கூடுதல். நீண்ட பயணத்தில் எல்லாருக்கும் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்து, இறங்கிக் காற்றாட நின்றால் தெளிகிறது என்றால், வெயில் என்று நினைத்துவிடாதீர்கள். சூட்டைத் தேடி எல்லாச் சோதனைகளும் செய்ய நேரமில்லாதவர்கள் சைலன்ஸர் கசிவை மட்டுமாவது அன்றே பார்த்துவிட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வண்டிகளின் பயர்வாலிலும் மேனிபோல்டிலும் அக்காலத்தில் ஒட்டிய சாம்பல் நிற அட்டையும் கயிறும் அஸ்பெஸ்டாஸாக இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்ததைச் சுரண்டித் தூசு கிளப்பினால் அது நுரையீரலில் தங்கிவிடும். தொடாமல் விடுவது மேல். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நனைத்து எடுங்கள்.

சாக்குக்குத் திரும்புவோம்

கார்க்காரருக்குச் சூடு ஒரு தொல்லை. லாரிக்காரருக்கு அது எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். சுரங்கத்திலிருந்து ஆலைக்கு, ஆலை வாசலில் வரிசை, எடை மேடை, மறுபடி சுரங்கம். வரிசையில் எஞ்சினை அணைக்காமல் அங்குலம் அங்குலமாக நகரும்போது முன்காற்றும் கிடையாது. வெளியே 40 டிகிரி என்றால் ஜன்னலைத் திறந்து வரும் காற்றும் உடம்பைவிடச் சூடானது. வியர்வை காய்வது ஒன்றே ஆறுதல். காலி வண்டியை அவசரமாக விரட்டும் டிப்பர்களைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் கோபம் உண்டு, எனக்கும் உண்டு. அந்த டிரைவரின் இடது தொடை என்ன சூட்டில் இருக்கிறது என்று யாரும் அளந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கேபின்களின் பிறப்பே ஒரு காரணம். நீண்ட காலம் லாரி என்பது எஞ்சினும் சட்டகமும் முகப்புமாகத்தான் கம்பெனியிலிருந்து வந்தது. கேபினை நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பட்டறைகளில் மரமும் தகரமுமாகக் கட்டினார்கள். அவர்கள் கைவேலையைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேபின்களில் படுக்கை உண்டு, சாமி மாடம் உண்டு, வண்ணமும் எழுத்தும் பார்க்கத் தனி அழகு. ஆனால் எஞ்சின் திமிலுக்கும் தரைப்பலகைக்கும் இடையே இருக்கும் சந்து, கட்டியவர் கைக்கு வந்தபடி. அதை மூட வைத்த ஃபெல்ட் ஆறு மாதத்தில் டீசலும் எண்ணெயும் குடித்து உப்பி, பிறகு கழன்று விழும். முன்னால் எஞ்சின் உள்ள நம் நகரப் பேருந்துகளிலும் இதே திமில். கூட்டத்தில் கைக்குழந்தைக்காரிகளை அதன்மேல்தான் உட்காரச் சொல்வார்கள், இடம் கொடுத்த புண்ணியம் என்று நினைத்து.

2023 டிசம்பரில் ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரகச் சரக்கு வண்டிகளின் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும். வரவேற்க வேண்டிய விதி, இருபது வருடம் முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் ஓட்டை அடைக்காத கேபினில் ஏசி என்ன பாடுபடும் என்பதை எங்கள் அம்பாசடர் எனக்குக் காட்டிவிட்டது. புது வண்டி வாங்குகிறவர்களும் ஐந்தாறு வருடத்தில் இதே திமில் பீடிங்கைத்தான் தேடப் போகிறார்கள்.

2025 அக்டோபருக்கு முன் செய்த வண்டிகளுக்கு அந்த விதி பொருந்தாது. அரியலூர்ச் சாலைகளில் இன்று ஓடும் டிப்பர்களில் பெரும்பங்கு அவைதான். அவற்றின் திமிலைச் சுற்றி ஓடும் பீடிங்கை மாற்றவும், சைலன்ஸர் தகட்டைத் திரும்ப மாட்டவும், பெடல் ஓட்டைகளுக்கு வளையம் போடவும் டிங்கர் பட்டறையில் அரை நாள் ஆகும். வண்டி உரிமையாளர்கள் ஃபிட்னஸுக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும்போது இந்த அரை நாளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பங்குனி பிறப்பதற்குள்.